இரண்டு தெரு தள்ளி வரும் வண்டி

வரைபடம் வரைந்து உலகத்துக்கு வழி காட்டியவர்கள் பலர் உண்டு. வரைபடமே இல்லாமல் வழி காட்டிய பெருமை, எனக்குத் தெரிந்து, எங்கள் அலுவலகம் ஒன்றுக்கே உரியது. அதில் பெரும்பங்கு என்னுடையது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். நான்தான் திட்டத் தலைவன்.

விஷயம் இதுதான். ஆம்புலன்ஸ் சேவைக்காரர்கள் எங்களிடம் ஓர் இணையப் பக்கம் கேட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவரின் கைப்பேசிக்கு ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டால் வரைபடம் விரியும். வண்டி எங்கே வருகிறது என்று ஒரு புள்ளி நகர்ந்து காட்டும். அவர்கள் சார்பில் பேச வந்தவர், கட்டுப்பாட்டு அறையில் இருபது வருஷமாகப் போன் எடுப்பவர். எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டோம்.

"ஒரு தடவை கூப்பிட்டவங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு 'எங்க வருது, எங்க வருது'ன்னு கேக்கறாங்க சார்," என்றார். "அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. வீட்ல ஒருத்தர் மூச்சு விட முடியாம கிடக்கறார். ஆனா அந்த நேரத்துல இன்னொரு வீட்லேர்ந்து கூப்பிட்டா லைன் கிடைக்க மாட்டேங்குது. அதுக்குத்தான் இந்த மேப்."

நியாயமான கோரிக்கை. பதினான்கு பேர் நான்கு மாதம் உழைத்தோம். திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பக்கத்தைப் பெரிய திரையில் திறந்து பார்த்தோம். மேலே சேவையின் சின்னம் வந்தது. கீழே எங்கள் அலுவலகத்தின் பெயர், சின்னத்தைவிடச் சற்றுப் பெரிதாக, வந்தது. நடுவில் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்தது.

வரைபடத்தை யாரும் முதலிலிருந்து வரைவதில்லை. அதற்கென்றே எவரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்று வெளியே ஒரு சர்வரில் இருக்கிறது. எங்கள் தொழிலில் அதற்கு நூலகம் என்று பெயர். அது வந்து இறங்கினால்தான் வரைபடம் தெரியும். அன்று அது வரவில்லை. நூலகம் என்றால் அமைதி காக்க வேண்டியதுதானே, காத்தது.

உடனே 'மூல காரணம் அறியும் உயர்மட்டக் குழு' ஒன்றை அமைத்தேன். முதல் கூட்டத்தில் இணைய வேகத்தின் மீது சந்தேகம் எழுந்தது. இரண்டாம் கூட்டத்தில் அந்தச் சந்தேகம் ஒருமனதாக நிறைவேறியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று பின்வரிசையில் எவரோ முணுமுணுத்தார்கள். அது கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

மூன்றாம் கூட்டத்தில் எங்கள் தலைமை நிரலாளர் வாயைத் திறந்தார். அவரைக் கில்லாடி என்போம்.

"என் மெஷின்ல வருதே," என்றார்.

எங்கள் நிறுவன அதிபர் உட்பட எல்லோரும் அவர் மேசைக்கு ஓடினோம். வந்திருந்தது. தெருக்கள், ஒரு பாலம், நகரும் புள்ளி, எல்லாம் இருந்தன. அதிபர் நெகிழ்ந்துபோனார்.

"அப்ப பிரச்சினை தீர்ந்துதா?"

"இவர் சீட்ல தீர்ந்துருச்சு சார்," என்றேன்.

"பொதுமக்கள் எல்லாரும் இவர் சீட்டுக்கு வந்து பாத்துக்கிட்டா?"

"நெரிசலாகும் சார்."

அதிபர் மேசையைச் சுற்றி நடந்து இடத்தை அளந்தார். "நாலு நாற்காலி கூடப் போடலாம்," என்றார். அது குறிப்பில் சேர்க்கப்பட்டது.

இங்கே சோதனைப் பிரிவு அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பிழைச் செய்தியைப் படிப்பார். எங்கள் அலுவலகத்தில் அந்த வழக்கம் கிடையாது. திரையில் சிவப்பு எழுத்து வந்தால் பக்கத்தை மூடித் திறப்போம். மறுபடியும் வந்தால் கணினியை அணைத்துப் போடுவோம். அப்புறமும் வந்தால் கூட்டம் போடுவோம். அக்கா இந்த மூன்றையும் தாண்டி நேராகப் படித்துவிட்டார்.

"இதுலயே எழுதியிருக்கு சார். 'உங்க பாதுகாப்பு விதி இந்த நூலகத்தை உள்ள விடலை'ங்குது. வெளி சர்வர்லேர்ந்து எது வந்தாலும் தடுக்கணும்னு நாமளே விதி போட்டு வெச்சிருக்கோம். வாசல்லயே அதை மறிச்சு அனுப்பிடுது. கில்லாடி தன் வசதிக்கு அவர் பிரவுசர்ல மட்டும் அந்த விதியை அணைச்சு வெச்சிருக்கார். அதான் அவருக்கு மட்டும் வருது."

"தீர்வு?"

"அந்த நூலகத்தை இறக்கி நம்ம சர்வர்லயே வெச்சுடலாம். பத்து நிமிஷ வேலை."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அலைவதற்குத்தானே பதினான்கு பேர் இருக்கிறோம்? குழு அதுவரை ஆறு முறை கூடி நாற்பத்தொரு பக்க அறிக்கை தயாரித்திருந்தது. அதைப் பத்து நிமிஷத்தில் அவமதிக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, அந்த விதியை எழுதியவன் நான். 'சிறந்த பாதுகாப்பு விதி' என்று அதற்குக் கிடைத்த சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு என் தலைக்கு மேலேயே தொங்கியது. அக்காவின் ஆலோசனையை மனதார வரவேற்று, அவரைக் குழுவிலிருந்து விடுவித்தேன்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை அண்ணன் வந்தார். சாம்பல் கட்டத்தைப் பார்த்தார்.

"வரலைன்னா பரவாயில்ல சார். அந்தக் கட்டத்துல 'மேப் வேலை செய்யலை'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. வண்டி எங்கயோ தூரத்துல இருக்குன்னு நெனச்சு, பக்கத்து வீட்டுக் கார்லயாவது தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. எங்களைக் கேட்டா நாங்களும் உள்ளதைச் சொல்லிடுவோம்."

எங்கள் தரக் கொள்கையில் 'வேலை செய்யலை' என்ற சொல்லுக்கே இடமில்லை என்பதை அவருக்குப் பணிவோடு விளக்கி, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மாலை கில்லாடி தன் பெயரைக் காப்பாற்றினார். தன் திரையில் தெரிந்த வரைபடத்தை அப்படியே படமெடுத்து, சாம்பல் கட்டத்தின் மேல் ஒட்டிவிட்டார். தெருப் பெயர்கள் மட்டும் காட்டிக்கொடுக்கும் என்பதால் அவற்றைப் பொறுமையாக அழித்தார். படத்துக்குக் கீழே 'உங்கள் வண்டி இரண்டு தெரு தள்ளி வந்துகொண்டிருக்கிறது' என்று எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றைப் படமெடுத்துப் பூசணிக்காய் மேல் ஒட்டலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"இது நகராதே," என்றார் அக்கா.

"ஆடாம அசையாம இருக்குல்ல? அதுக்குப் பேர்தான்க்கா ஸ்டெபிலிட்டி," என்றார் கில்லாடி.

அக்கா என்னிடம் திரும்பினார். "சார், வீட்ல ஆள் கிடக்கும்போது இதை நம்பி உக்காந்திருப்பாங்க. எனக்கு வயித்தைக் கலக்குது."

வயிற்றுக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஊழியர் நலனில் நான் கறார்.

மறுநாள் பக்கம் திறக்கப்பட்டது. சரிசெய்துவிட்டோம் என்று அண்ணனிடம் சொன்னேன். திரையில் பாலமும் புள்ளியும் பளிச்சென்று இருந்தன. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்," என்றார். அந்தப் புண்ணியத்தைப் பணிவோடு ஏற்றுக்கொண்டேன்.

முதல் மாத அறிக்கை வந்தபோது அதிபரே எழுந்து நின்று படித்தார். 'எங்கே வருது' என்று கேட்கும் அழைப்புகள் நூற்றுக்கு எழுபது குறைந்திருந்தன. 'புகார்: பூஜ்யம்' என்று கடைசி வரியில் இருந்தது. இத்தனை வருஷத்தில் பூஜ்யத்தை எட்டிய முதல் திட்டம் எங்களுடையது. பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. அண்ணனையும் மேடைக்கு அழைத்திருந்தோம். மாலை மரியாதை முடிந்ததும் மைக்கை நானே அவரிடம் நீட்டினேன்.

"ஒரு புகார்கூட இல்லையே, அந்த ரகசியத்தை நீங்களே சொல்லுங்கண்ணே."

அண்ணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"ரகசியம் ஒண்ணுமில்ல சார். இப்பல்லாம் யாரும் ரெண்டாவது தடவை எங்களைக் கூப்பிடறதில்ல. வேற வண்டி பாக்கறதுமில்ல. ரெண்டு தெரு தள்ளி வந்துருச்சுன்னு போனைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறாங்க. வண்டி ஊருக்கு அந்தக் கோடியிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கும். நாங்க போய்ச் சேரும்போது, யாருக்காகக் கூப்பிட்டாங்களோ அவர் புகார் சொல்ற நிலைமையில இருக்கறதில்ல."

அதிபர்தான் முதலில் கைதட்டினார். நான் அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, மேடையிலேயே அறிக்கையைப் பிரித்து, மறுபடி சரிபார்த்தேன். கடைசி வரியில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.