ஓடையில் அலசிய உண்ணித் துணி

போன கிருத்திகை அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலைதான். கல்வராயன் மலைக்குப் போய், புல்லு மேல ஒரு வெள்ளைத் துணியை இழுத்துட்டு வரணும்.

சிரிக்காதீங்க! என் மக செல்வியோட ஆராய்ச்சி அது. காய்ச்சல் பரப்புற உண்ணி எவ்வளவு தூரம் நகருதுன்னு பாக்குறா. ஆட்டுப்பட்டிகிட்ட பிடிச்ச உண்ணிங்களுக்குச் சாயப்பொடி பூசி, அங்கேயே விட்டிருந்தா. அதுங்க ஓடை வரைக்கும் வந்திருந்தா, அங்க துணியை இழுக்கும்போது ஆடுன்னு நினைச்சு ஏறிக்குமாம்.

முந்தின நாள் பார்த்துக் கால் சுளுக்கிக்கிட்டா.

கிருத்திகை அன்னைக்குக் காலையில, "நாளைக்கு மழையாம். இன்னைக்கு விட்டா மூணு மாச வேலை போச்சும்மா"ன்னு கண் கலங்கினா.

"அழாத கண்ணு. முருகன் இருக்கான். நான் போறேன்."

"அப்ப பேண்ட் போட்டுக்க."

"இந்த வயசுலயா!"

"புடவையையாவது தூக்கிச் சொருகிக்க. துணியைச் சுருட்டி இந்தப் பையில போட்டு இறுக்கி மூடு."

பஸ்ஸை விட்டு இறங்கினதும் சொருகினேன். நாலு பேர் பார்த்தாங்க. கூச்சமாப் போச்சு, இறக்கி விட்டுட்டேன்.

ஓடையோரம் துணியை இழுத்துக்கினு முன்னும் பின்னும் நடந்தேன். ஆடு மேய்க்கிற அஞ்சலை நின்னு வேடிக்கை பார்த்தா.

"இன்னாக்கா, புல்லுக்குத் தலை துவட்டி வுடுறீங்களா?"

"உண்ணி பிடிக்கிறேம்மா."

"அதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? எங்க ஆட்டைத் தடவினா கை நெறய வருமே!"

துணியை விரிச்சுப் பார்த்தேன். கறுப்பா அஞ்சாறு உண்ணி. சாயம் பூசினது ஒண்ணுகூட இல்லை! போதாக்குறைக்குச் சேறு, ஆட்டுப்புழுக்கை வேற. கிருத்திகை அதுவுமா, விளக்கேத்துற வூட்டுக்கு இதையா தூக்கிட்டுப் போறது?

நல்லா உதறி, ஓடையில அலசி, பாறையில காயப்போட்டு, நாலா மடிச்சு வச்சேன். பையை மட்டும் சொன்ன மாதிரியே இறுக்கி மூடினேன்.

சாயங்காலம் செல்வி பையைத் திறந்தா. மடிப்பைத் தடவிப் பார்த்தா.

"அம்மா... துவைச்சியா?"

"சாயம் பூசினது எதுவும் இல்லை கண்ணு. நானே பார்த்துட்டேன்."

"ஐயோ! அது வெயில்ல தெரியாதும்மா. இருட்டுல நீல டார்ச் அடிச்சாத்தான் மின்னும்!"

குளிக்கக்கூடத் தோணாம, விளக்கேத்தாத சாமி ரூமுல போய் நின்னுட்டேன். "முருகா, பொண்ணோட மூணு மாச உழைப்பை ஓடையில விட்டுட்டேனே!"

பின்னாலயே நொண்டிக்கினு வந்தவ, வெறுப்புல கையில இருந்த நீல டார்ச்சைத் தட்டினா. வெளிச்சம் என் புடவை ஓரத்துல விழுந்துச்சு.

பச்சையா மூணு பொட்டு மின்னுச்சு!

"அம்மா, அசையாத! ஓடை வரைக்கும் வந்திருக்கும்மா!"

அசைவேனா? மூச்சுகூட விடலை. துணியோட சேர்ந்து என் புடவையும் புல்லைப் பெருக்கியிருக்கு. மூணு பேரும் டிக்கெட் வாங்காம கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்திருக்காங்க.

இப்போ அந்தப் புடவை அவ ஆபீஸ் ஃப்ரீசர்ல இருக்கு. மேல சீட்டு ஒட்டியிருக்காளாம்: "அம்மா தொடக்கூடாது."