பம்ப்பு குடித்த எண்ணெய்

எங்கள் வகையறாவில் யாருக்கும் அருள் வந்து ஆடியதில்லை. எனக்கும் வந்ததில்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், பீளமேட்டில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள், என் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, "சாமி, எம்புள்ளைக்கு எப்பங்க கல்யாணம் கூடும்?" என்று ஒரு அம்மா கேட்டார். என்னைச் சாமியாக்கியது எந்தச் சாமியும் இல்லை. ஒரு வேக்குவம் பம்ப்பு.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். (அதற்கு மேல் எனக்கும் படிப்புக்கும் ஒத்துவரவில்லை.) நூல் மில்லில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். முதல் மாடியில் ஆய்வகம். மேஜைக்குக் கீழே யானைக்குட்டி படுத்திருப்பது மாதிரி அந்தப் பம்ப்பு.

கோயமுத்தூர்க்காரனுக்கு இந்தப் பம்ப்பைப் புரியவைப்பது சிரமம். எங்கள் ஊரில் பம்ப்பு என்றால் தண்ணீர் வந்தாக வேண்டும். இதில் தண்ணீர் வராது. பாத்திரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும், அவ்வளவுதான். "காத்த எடுக்கறதுக்கு ஒரு மோட்டாருங்களா? காத்துதான் சும்மா கெடக்குதே" என்றாள் என் மனைவி சரசு. அவளுக்கு அந்த வேலையின் மேல் இன்று வரைக்கும் மரியாதை வரவில்லை.

ஆய்வகத்துக்குப் பொறுப்பான பேராசிரியையை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். கண்டிப்பானவர். ஆனால் யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். பம்ப்பை என்னிடம் ஒப்படைத்த அன்று, கைக்குழந்தையை ஒப்படைக்கிற மாதிரி சொன்னார்.

"வேலுச்சாமிண்ணா, இது ஓடறதே உள்ள இருக்கற எண்ணெயாலதானுங்க. இந்தக் கண்ணாடில ரெண்டு கோடு தெரியுதில்ல? எண்ணெய் அந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கோணும். வெறுங்கையில எண்ணெயத் தொடாதீங்க. எந்தெந்த மருந்தோட ஆவியெல்லாம் அதுல கலந்திருக்குதோ. கிளவுஸ் போட்டுத்தான் மாத்தோணும். அப்பறம், நிறுத்தும்போது எடுத்ததும் சுவிட்ச அணைக்கக் கூடாது. மொதல்ல இந்தக் குழாயத் திறந்து காத்த உள்ள விட்டுப்போட்டுத்தான் அணைக்கோணும். இல்லாட்டி எண்ணெய் பின்னால ஏறிப் பாத்திரத்துக்குள்ள போயிரும்."

நான் இதையெல்லாம் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன். காலையில் பம்ப்புக்கு ஒரு கும்பிடு போட்டு, விபூதி வைத்து, அதன் பிறகுதான் சுவிட்சைத் தொடுவேன். (மேடம் விபூதியைத் துடைக்கச் சொல்லவில்லை. மோட்டாருக்குக் காற்றுப் போகிற ஓட்டையில் மட்டும் வைக்க வேண்டாம் என்றார்.)

பம்ப்பு வெளியே தள்ளுகிற காற்றோடு எண்ணெயும் புகை மாதிரி கொஞ்சம் வரும். அதைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு. ஒரு நாள் அது அடைத்துக்கொண்டது. புதிது வர நாளாகும் என்றார்கள்.

"அது வர்ற வரைக்கும் ஒரு ஹோஸ மாட்டி ஜன்னலுக்கு வெளிய விட்டுருங்கண்ணா. புகைய நாம சுவாசிக்கக் கூடாது. ஹோஸ் கீழ்நோக்கிச் சரிவா இருக்கட்டும்" என்றார் மேடம்.

அப்படியே செய்தேன். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, தரைத்தள ஜன்னலின் சன்ஷேடு நீட்டிக்கொண்டிருந்தது. ஹோஸின் வாயை அதன் மேல் பதமாகப் படுக்க வைத்துக் கம்பியால் கட்டினேன். சொன்னது சொன்னபடி சரிவு. எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

அதே வாரம் ஈரமான எதையோ காயவைக்க வேண்டியிருந்தது. பம்ப்பின் தலையில் ஒரு சின்னக் காற்றுத் திருகு இருக்கும். அதைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் உள்ளே போகிற ஈரம் எண்ணெயில் தங்காமல் வெளியேறிவிடும். "கொஞ்ச நேரம் திறந்து வைங்கண்ணா" என்றார் மேடம். திறந்தேன். என் கணக்கில் அந்தக் கொஞ்ச நேரம் முடியவே இல்லை. அது திறந்திருந்தால் ஈரத்தோடு எண்ணெயும் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

ஆக, கண்ணாடியில் எண்ணெய் இறங்க ஆரம்பித்தது. காலையில் மேல் கோடு வரை ஊற்றினால் மறுநாள் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடும். நானும் சலிக்காமல் ஊற்றினேன். 'நல்லாக் குடிக்குது, குடிக்கட்டும், வேலையும் செய்யுதில்ல' என்று நினைத்துக்கொண்டேன். சோற்றில் கை வைக்காத பிள்ளை திடீரென்று மறுசோறு கேட்டால் அம்மாமார்களுக்கு வருகிற பூரிப்பு எனக்கு வந்தது.

இப்போது பிள்ளையாருக்கு வருகிறேன்.

அந்தக் கட்டடத்தின் சுவரோரம், ஒரு சின்ன மேடையில் கூரையில்லாத கருங்கல் பிள்ளையார் ஒருவர் உண்டு. பரீட்சை சமயத்தில் மாணவர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் நானும் வாட்ச்மேன் ரங்கண்ணனும்தான். ஒரு நாள் வேலை முடிந்து கும்பிடப் போனேன். பிள்ளையார் பளபளவென்று மின்னினார். தும்பிக்கையில் எண்ணெய் வழிந்து தொந்தி வரைக்கும் இறங்கியிருந்தது. எண்ணெய்க் காப்புச் செய்தால் எப்படி இருப்பாரோ அப்படி.

"ரங்கண்ணா, எண்ணெய் வெச்சீங்களா?"

"நான் எங்கீங்க வெச்சேன்? நீங்க வெச்சிருப்பீங்கன்னு இருந்தனுங்க."

மறுநாள் அவரே துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. பொழுது சாய்ந்து பார்த்தால் பிள்ளையார் மறுபடியும் மின்னுகிறார். ரங்கண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷம் கும்பிட்டதற்கு என் கண்ணில் காட்டிவிட்டார் என்று அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரத்துக்குள் பூக்காரம்மா கேட்டுக்குப் பக்கத்தில் கடை போட்டுவிட்டார். யாரோ மணி கட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் எண்ணெயை ஒரு சொட்டுத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். "இது நல்லெண்ணெயும் இல்ல, வெளக்கெண்ணெயும் இல்லீங்க. இந்த வாசமே வேற" என்று சொல்லிச் சொல்லி முகர்ந்தார்கள். என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. நாள் முழுக்க அந்த வாசத்திலேயே கிடக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? சரசு வீட்டில் என் சட்டையை விரல் நுனியில் தூக்கி, "என்னுங்க இது, வர வர இந்த நாத்தம் நாறுது" என்பாள். அதே வாயால் வாசலுக்குப் போய், "பிள்ளையாரு மொதமொதல்ல காட்டுனது எங்க ஊட்டுக்காரருக்குத்தானுங்க" என்பாள்.

இதற்கு நடுவில் மேடத்துக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எண்ணெய் டப்பாக்கள் காலியாகிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் வராது? வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"வேலுச்சாமிண்ணா, ஒரு வருஷத்துக்கு வர்ற எண்ணெய். எங்க போச்சுங்க?"

"பம்ப்பு குடிச்சுப்போடுதுங்க மேடம்."

"பம்ப்பு குடிக்காதுங்க. கீழயும் சிந்தலை. மேலதிகாரிங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்? யாராச்சும் வெளிய எடுத்துட்டுப் போறாங்களா?"

யாராச்சும் என்றால் யார் என்று எனக்குப் புரிந்தது. எண்ணெய் அலமாரியின் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் கையைக் காட்டிச் சொன்னேன்.

"கீழ இருக்கற அந்தப் பிள்ளையார் சாட்சியாச் சொல்றனுங்க மேடம். ஒரு சொட்டு எண்ணெய் இந்த ரூமத் தாண்டிப் போகலீங்க."

மேடம் சாயங்காலத்துக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். என் வேலை அந்தச் சாயங்காலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் நான் முன்பே லீவு கேட்டிருந்தேன். பவானியிலிருந்து என் கொழுந்தியா கோமதி, கைக்குழந்தையோடு வருகிறாள். குழந்தை பொழுது சாய்ந்தால் போதும், விடாமல் அழுகிறது. பிள்ளையார் எண்ணெயை உச்சியில் வைத்து, நாக்கிலும் ஒரு சொட்டு வைத்தால் சரியாகும் என்பது சரசுவின் ஏற்பாடு. நான் வீட்டுக்குப் போய், தலைக்குக் குளித்து, சோப்பு மணக்கிற சட்டை போட்டுக்கொண்டு, மூன்று பேரையும் ஆட்டோவில் அழைத்து வந்தேன். மனசெல்லாம் பாரம். இன்றைக்கு இந்தப் பிள்ளையார்தான் என் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

கூட்டம் நெரிந்தது. ரங்கண்ணன் எங்களுக்கென்று ஒரு கிண்ணம் நிறைய எண்ணெய் பிடித்து வைத்திருந்தார். கோமதி விரலை முக்கினாள்.

"மாமா, நீங்களே கிண்ணத்தப் புடிங்க. உங்க கை ராசியான கையி" என்றாள்.

வாங்கினேன். கிண்ணம் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. குளித்துச் சுத்தமாக வந்த மூக்கு அல்லவா, முதல் முறையாக வேலை செய்தது. இந்த நாற்றத்தை நான் எங்கேயோ... எங்கேயோ என்ன, என் சட்டையில்தான். தலையைத் தூக்கினேன். நான் ஹோஸ் கட்டிய சன்ஷேடின் விளிம்பு கறுத்துப்போயிருந்தது. அதில் ஒரு சொட்டுத் திரண்டு, தயங்கி, என் மூக்குக் கண்ணாடியின் மேல் விழுந்தது.

குனிந்து கும்பிடத்தான் எங்களுக்கெல்லாம் தெரியும். அத்தனை நாளில் ஒருவர்கூட மேலே பார்த்ததில்லை.

கோமதியின் விரல் குழந்தையின் வாயை நோக்கிப் போனது. கிளவுஸ் போட்டுத் தொட வேண்டிய எண்ணெய். "வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையில் கூக்குரல் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அவள் கையைத் தட்டிவிட்டேன். சரசு, "ஏனுங்க, என்னுங்க" என்று கிண்ணத்தைப் பிடுங்க வந்தாள். அவள் கைக்குப் போனால் மறுபடியும் குழந்தைக்குத்தான் போகும். வேறு வழி தெரியவில்லை. கிண்ணத்தை அப்படியே என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "சாமி வந்துருச்சுங்க."

உடம்பு நடுங்கியது நிஜம். கண்ணில் எண்ணெய் இறங்கி எரிந்ததால் கண்ணை உருட்டியதும் நிஜம். எலுமிச்சம்பழம் அப்போதுதான் என் கைக்கு வந்தது.

"தொடாதீங்க. யாரும் தொடாதீங்க. மேல ஓடறத நிறுத்துங்க" என்று கத்தினேன்.

"மேல ஓடறத நிறுத்தச் சொல்லுது சாமி" என்று ரங்கண்ணன் ஓடிப்போய், ஹாஸ்டல் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரை அணைத்தார். (அன்று ஹாஸ்டலில் யாரும் குளிக்கவில்லை.) "குறி சொல்லுங்க சாமி" என்று ஒருவர் என் காலைப் பிடித்தார். நான் அவரையும் இழுத்துக்கொண்டே படியேறி, அவரைப் படியிலேயே உதறிவிட்டு, ஆய்வகத்துக்குள் நுழைந்து சுவிட்சை அணைத்தேன்.

அணைத்த பிறகுதான் மந்திரம் ஞாபகம் வந்தது. மொதல்ல காத்த உள்ள விட்டுப்போட்டு.

பம்ப்பு ஒரு பெருமூச்சு விட்டது. மிச்சமிருந்த எண்ணெய் குழாய் வழியாக நிதானமாக ஏறி, மேடம் பல நாளாகக் காயவைத்துக்கொண்டிருந்த வெள்ளைப் பொடிக்குள் போய் இறங்கியது. இப்போது பிள்ளையார் மேல் எண்ணெய், என் தலையில் எண்ணெய், மேடத்தின் கண்ணாடிப் பாத்திரத்தில் எண்ணெய். எண்ணெய் இல்லாத ஒரே இடம் பம்ப்புதான்.

திரும்பினால் வாசலில் மேடம். தலையிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட, கையில் எலுமிச்சம்பழத்தோடு நான்.

"எண்ணெய் எங்க போச்சுன்னு கேட்டீங்களே மேடம். கெடச்சுப்போச்சுங்க" என்றேன்.

ஜன்னலைக் காட்டினேன், ஹோஸைக் காட்டினேன், திறந்தே கிடந்த திருகைக் காட்டினேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். மேடம் முதலில் கேட்டது பொடியைப் பற்றி இல்லை. "குழந்தை வாயில பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க மேடம். எந்தலையில ஊத்திக்கிட்டேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "காலைல உங்களச் சந்தேகப்பட்டுட்டனுங்க அண்ணா. மன்னிச்சுக்கோங்க. ஆனா சாட்சிக்குக் கூப்பிட்டீங்க பாருங்க ஒரு ஆள..." என்றவர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரே கீழே வந்து, கூட்டத்திடம் பதமாகச் சொன்னார். கையை, நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். முகங்கள் வாடின. எலுமிச்சம்பழம் கொடுத்த அம்மா என்னிடம் வந்து, "அப்ப அந்தப் பழத்தக் கொடுத்துருங்க" என்று திருப்பி வாங்கிக்கொண்டு போனார். கோமதியின் கையை நானே தேய்த்துக் கழுவிவிட்டேன். பிள்ளையாரை ரங்கண்ணனும் பையன்களும் அரப்புத்தூள் போட்டுத் தேய்த்தார்கள். என்னை வீட்டில் சரசு அதே அரப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததில் பாதி எண்ணெய்க்கு, பாதி கோபத்துக்கு.

"வீதி பூராச் சொல்லிப்போட்டனே. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பால் வாங்கப் போவேன்?" என்றாள். நான் தலையைக் குனிந்திருந்தேன். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிய பிறகு குரல் இறங்கியது. "போகுது போங்க. புள்ள வாய்க்குப் போறதுக்குள்ள உங்க மூக்குக்குக் காட்டுனாரே, அது பிள்ளையாருதானுங்க."

நானும் அப்படித்தான் நம்புகிறேன். இன்றைக்கும்.

புது வடிகட்டி வந்தது. திருகை மூடினேன். எண்ணெய் இரண்டு கோட்டுக்கு நடுவில் அசையாமல் நிற்கிறது. கோமதியின் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தீபாவளி நோம்பிக்கு எல்லோரும் கூடினால், எண்ணெய்க் கிண்ணம் முதலில் என்னிடம்தான் வரும். "பெரியப்பா மோந்து பாத்து உத்தரவு கொடுத்தாத்தான் நான் உக்காருவேன்" என்பான். நான் முகர்ந்து பார்த்து, "நல்லெண்ணெய்தான் கண்ணு" என்று சொல்லும் வரை யாரும் தலையில் எண்ணெய் வைப்பதில்லை. சிரித்து முடிக்கவே நேரமாகிவிடும்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு நானே எண்ணெய் வைக்கிறேன். வைப்பதற்கு முன்னால் தலையைத் தூக்கிச் சன்ஷேடை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். என்னைப் பார்த்து ரங்கண்ணனும் பார்த்தார். அவரைப் பார்த்து மாணவர்கள் பார்த்தார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, எதற்கு எல்லோரும் முதலில் மேலே பார்க்கிறீர்கள் என்று பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டாள். அவன் கையைக் கூப்பியபடியே சொன்னான்.

"தெரியலீங்க. இந்தப் பிள்ளையாருக்கு அதுதான் மொறைங்க."

அவளும் மேலே பார்த்துவிட்டுக் குனிந்தாள்.