இரண்டு சீட்டு வண்டிக்கு ஒரு பேலன்சர்

மாமியாரோடு நேருக்கு நேர் மோதுகிறவன் முட்டாள். கலையரசன் முட்டாள் அல்ல. அவன் சீட்டைக் குறைத்தான்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன் கலையரசன். அவனிடம் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று இருந்தது. ஏழு என்பது கார் கம்பெனிக்காரன் கணக்கு. மாமியார் கந்தம்மாள் கணக்கு வேறு. கோயிலா, கல்யாணமா, காதுகுத்தா, எதுவாக இருந்தாலும் சேந்தமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். கூடவே மச்சினன் முருகானந்தம், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், ஒரு முறுக்கு டின். முன் சீட்டு மாமியாருக்கு. பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு மயக்கம் வரும். அவர் முன்னால் உட்கார்ந்தால் கலையரசனுக்கு மயக்கம் வரும்.

"மாப்ள, பள்ளமுங்க."

"பாத்துட்டனுங்க அத்தை."

"மாப்ள, எருமைங்க."

"அதையும் பாத்துட்டனுங்க."

"பாத்துட்டு எதுக்குங்க அது மேலயே போறீங்க?"

பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமியாரை அழைத்து வரும் வேலையிலிருந்து தப்பிக்கத்தான் மனைவி அகல்யாவை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டான். அவளும் கற்றுக்கொண்டாள். ஆனால் ஊர்ப் பயணம் என்றால் ஸ்டீயரிங் இவன் கையில், பக்கத்து சீட்டில் மாமியார், பெண்டாட்டி எங்கோ பின்னால் முறுக்கு டின்னோடு. கட்டிக்கொண்டவளோடு ஒரு தடவையாவது தனியாக வண்டியில் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் இப்படி ஒரு ஆசை இருப்பதை வெளியே சொல்ல முடியுமா? சொல்லவில்லை. ஏழு சீட்டு வண்டியை எருமப்பட்டிக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்கு விற்றான். பெங்களூர் போனான். ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு திரும்பி வந்தான். எட்டு சிலிண்டர், வெளிநாட்டுச் சரக்கு. இரண்டே சீட்டு.

அகல்யா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அனுபவம் உள்ளவன் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். கலையரசன் சந்தோஷப்பட்டான்.

பங்குனியில், திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுக் குலசாமி கருப்பண்ணசாமிக்குக் கிடாவெட்டு. வருஷா வருஷம் எல்லோரும் நாமக்கல் வந்து இவன் வண்டியில்தான் போவார்கள். "இந்த வருஷம் நானும் அகல்யாவும் மட்டும் கார்ல வாரோமுங்க. இடமில்ல பாருங்க, என்ன பண்றது?" என்று போனில் மாமியாரிடம் சொன்னபோது அவன் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டால் யாரும் நம்பிவிடுவார்கள். பட்டறை ஆட்களிடமும் சொன்னான். டீக்கடையிலும் சொன்னான். கேட்காதவர்களிடமும் சொன்னான்.

கிடாவெட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வண்டி படுத்துக்கொண்டது. எஞ்சினில் ஏதோ கடகடவென்றது. பெல்ட் கழன்று ரோட்டில் விழுந்தது. மெக்கானிக் சென்றாயன் வந்து பானெட்டைத் திறந்து, எஞ்சினின் மூக்கில் இருந்த ஒரு கனத்த இரும்பு வட்டைக் காட்டினார்.

"பேலன்சருங்க. எஞ்சின் அதிர்வையெல்லாம் இதுதான் வாங்கிக்கும். உள்ள ஒரு இரும்பு, வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பரு. ரப்பரு செத்துப்போச்சு. வளையம் வழுக்குது. வேற போடணுமுங்க."

"எது போடறது?"

"லாரின்னாக் கண்ண மூடிட்டுச் சொல்லுவனுங்க. இது பெரிய எடத்துச் சமாச்சாரம். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நீங்களே பாத்துச் சொல்லுங்க! வண்டி விஷயத்தில் கலையரசனிடம் இப்படி ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. லாரியில் சேஸிஸுக்கு மேலே உள்ளதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கீழே உள்ளது எதுவும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அன்று முழுக்க செல்போனும் கையுமாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"இங்க பாரு புள்ள, ரேசுக்காரங்க போடறது. அலுமினியம். நீலக் கலரு."

"ரேசுக்குப் போறீங்களா?"

"இல்ல."

"பொறவு எதுக்குங்க?"

"நீலமா இருக்குதில்ல?"

"சரி, அப்பறம்?"

"இது இன்னொன்னு. பார்த்தா நம்முளுதாட்டவே இருக்குது. வெல சல்லிசு."

"நம்ம எஞ்சினுக்குச் சேருமான்னு போட்டிருக்குதா?"

"எல்லா எஞ்சினுக்கும் சேருமாம்."

"எல்லாக் காலுக்கும் சேர்ற செருப்பு எந்தக் காலுக்குமே சேராதுங்க. எஞ்சின் நம்பரச் சொல்லி, அதுக்குன்னு இருக்கறதக் கேட்டு வாங்குங்களேன்."

யோசனை நல்ல யோசனைதான். அது அவன் யோசனையாக இல்லாமல் போனதுதான் குறை. அடுப்படியிலிருந்து வந்த யோசனைப்படி எஞ்சினுக்கு சாமான் வாங்கினான் என்று பட்டறையில் தெரிந்தால் என்ன ஆவது? "உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ போய் ரசத்தப் பாரு" என்றான். அவள் போய் ரசத்தைப் பார்த்தாள். போகும்போது தன் செல்போனையும் எடுத்துக்கொண்டு போனதை இவன் கவனிக்கவில்லை.

மறுநாள் கழற்றிய பேலன்சரைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருச்செங்கோடு கிளம்பினான். அங்கே சின்னண்ணனின் லேத் பட்டறை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு சாமான் கடைகிற இடம். உலகத்துப் பாறையையெல்லாம் ஓட்டை போடும் ஊரில் ஒரு வட்டம் கடைய முடியாதா?

"என்ற காருக்கு இதே மாதிரி ஒன்னு வேணுமுங்க அண்ணா."

சின்னண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். "ரப்பரு?"

"அதுதானுங்க கெட்டுப்போச்சு. ரப்பரே வேண்டாம். முழு இரும்பாப் போடுங்க."

"ஒரு பக்கம் கனமா, வீங்குனாப்பல இருக்குதே? இந்தப் பக்கம் அப்படி இல்ல."

கலையரசனும் தடவிப் பார்த்தான். ஆமாம், ஒரு பக்கம் தடிப்பு. வெள்ளைக்காரன் செய்த வேலையில் இப்படி ஒரு கோளாறா! இவன் வாய்விட்டுச் சிரித்தான். நம்மவர்கள் வீணாக வெளிநாட்டுச் சரக்கு என்று வாயைப் பிளக்கிறார்கள்.

"அந்த வீக்கத்தை எடுத்துப் போடுங்கண்ணா. எல்லாப் பக்கமும் சமமா, சுத்த வட்டமா இருக்கோணும்."

சின்னண்ணன் பத்து நாள் எடுத்துக்கொண்டு சொன்னதைச் செய்தார். அப்பழுக்கில்லாத வட்டம். முகம் பார்த்துத் தலை சீவலாம். கலையரசன் சீவியும் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்றாயன் அதை மாட்டினார். கிடாவெட்டுப் பற்றிப் பேச வந்திருந்த மாமியாரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கலையரசன் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியைத் திருப்பினான்.

வண்டி கிளம்பியது. வண்டி மட்டும் அல்ல, வீடே கிளம்பியது. பானெட் குதித்தது. கண்ணாடி கழன்று தொங்கியது. சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கலையரசனின் கன்னங்கள் இரண்டும் இரண்டு திசையில் ஆடின. "நிறுத்து" என்று சென்றாயன் கத்தியது இவன் காதில் "நிநிநிறுறுத்து" என்று விழுந்தது.

ஒருவழியாக அணைத்துவிட்டு இறங்கினால், கேட்டருகில் பக்கத்து வீட்டுக் குமாரசாமி தலையில் துண்டோடு நிற்கிறார்.

"போர் போடறீங்களாட்டிருக்குது. சொல்லவே இல்லீங்களே தம்பி!"

"இல்லீங்க, இது வந்து…"

"எத்தனை அடியில தண்ணி வந்துது?"

"தண்ணி வரலீங்க."

"எப்படி வரும்? வாசல்ல போட்டீங்கன்னா வராதுங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா தேங்காய உள்ளங்கையில வெச்சு எடம் பாத்துக் குடுத்திருப்பனில்ல?"

அதற்குள் குமாரசாமி வீட்டு அம்மாள் குப்பாயி குடத்தோடு வந்துவிட்டார். புதுத் தண்ணீர் பிடிக்க. அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் கலையரசனின் மானத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை மாமியார் எடுத்துக்கொண்டார்.

"நீங்க வெசனப்படாதீங்க மாப்ள. நம்ம கிடாய்க்குத் தலையில தண்ணி தெளிச்சு உத்தரவு கேப்பமில்ல? அது ஒடம்பச் சிலுப்புனாத்தான சம்மதம்னு வெட்டுவோம். உங்க காரும் அப்படித்தான் சிலுப்புச்சுங்க. சாமி உத்தரவு குடுத்திட்டாருங்க."

"எதுக்குங்க உத்தரவு?"

"அது சாமிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஒரு முறுக்கைக் கடித்தார்.

கலையரசன் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கிடாவெட்டுக்கு இன்னும் ஒரு வாரம். வாடகை வேன் பிடிக்க வேண்டும். வேன் என்றால் பதினெட்டு சீட்டு. பதினெட்டையும் மாமியார் நிரப்புவார். ஆசைப்பட்டது இரண்டு, கிடைக்கப்போவது பதினெட்டு. சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பெருமை பேசியதை நினைத்தபோது அவனுக்கே தன்னை நான்கு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது.

அகல்யா காப்பியோடு வந்தாள்.

"ஏனுங்க, நான் சரி பண்ணித் தரட்டுங்களா?"

"நீயா?"

"நானேதான். கிடாவெட்டு நோம்பிக்குள்ள வண்டி பூனையாட்ட ஓடும். ஆனா அன்னைக்கு வண்டியில யாரு எங்க உக்காரறதுன்னு நான் சொல்றதுதானுங்க. பேச்சு மாறக் கூடாது. கருப்பண்ணசாமி மேல சத்தியம்."

கலையரசன் கணக்குப் போட்டான். இருப்பது இரண்டு சீட்டு. ஒன்று ஓட்டுகிறவன் சீட்டு, அதாவது தன்னுடையது. மீதி ஒன்று. மிஞ்சிப்போனால் அதில் மாமியாரை உட்கார வைக்கப் பார்ப்பாள். அதற்காகப் புருஷனை விட்டுவிட்டு அவள் பஸ்ஸிலா வருவாள்? வரமாட்டாள். எப்படிப் புரட்டினாலும் ஜெயம்தான். காப்பி டம்ளர் மேல் கை வைத்து சத்தியம் செய்தான்.

அவள் பீரோவைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே பேலன்சர். நடுவில் புது ரப்பர். ஒரு பக்கம் தடிப்பு.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க ரசத்தப் பாருன்னு சொன்னீங்கல்ல, அன்னைக்கே கோயமுத்தூருல ரேசு வண்டி சாமான் விக்கறவர்கிட்ட எஞ்சின் நம்பரச் சொல்லிக் கேட்டனுங்க. நேத்து பார்சல்ல வந்துச்சு."

"நேத்தே வந்துச்சா? பொறவு எதுக்குடி இன்னைக்கு என்னைய ஆட விட்ட?"

"ஆசையாக் கடைஞ்சிட்டு வந்தீங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

கலையரசன் தடிப்பைத் தடவினான். "இதுலயும் வீக்கம் இருக்குதே. ஏமாத்திப்புட்டானாட்டிருக்குது."

"அது வீக்கமில்லீங்க. எஞ்சினுக்கு உள்ள ஒரு கோணல் இருக்குதாம். அதுக்குச் சரிக்கட்டத்தான் வெளிய ஒரு பக்கம் கனம் வெச்சிருக்காங்க. கனம் வேண்டாம்னு நீங்க எடுத்துப் போட்டீங்க, உள்ள இருக்கற கோணல் வெளிய வந்து ஆடுச்சு." பேலன்சரை அவன் பக்கம் நகர்த்தினாள். "எங்கம்மாளயும் அப்படித்தான எடுத்துப் போடப் பாத்தீங்க?"

கலையரசன் காப்பியைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

சென்றாயன் புதியதை மாட்டினார். சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கலையரசனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நோம்பிக்கு முதல் நாள் வண்டியை அவனே கழுவினான், அவனே துடைத்தான், அவனே பூமாலை கட்டினான். நோம்பியன்று காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கதவைத் திறந்தான்.

ஓட்டுகிறவன் சீட்டில் அகல்யா உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி அவளும் போட்டிருந்தாள். பக்கத்து சீட்டில் மாமியார், மடியில் முறுக்கு டின்.

"அகல்யா, இது என்ற எடம்."

"சத்தியமுங்க."

"நீ இந்த வண்டிய ஓட்டுனதே இல்லையே!"

"ஓட்டக் கத்துக்கோன்னு ஸ்கூல்ல சேத்துவிட்டது யாருங்க?"

"வாங்க மாப்ள, போலாம்" என்று சொல்ல வந்த மாமியார், எங்கே வரச் சொல்வது என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் நல்ல மனுஷி. அதில் சந்தேகமில்லை.

"அப்ப நான்?"

அகல்யா தெருமுனையைக் காட்டினாள். முருகானந்தம் குட்டியானை லோடு வண்டியோடு வந்துகொண்டிருந்தான். முன்னால் அவனும் பெண்டாட்டியும், நடுவில் நசுங்கியபடி பிள்ளைகளும். பின்னால் தொட்டியில் கறுப்புக் கிடாய் தனியாக நின்றது.

"வாங்க மாமா! கிடாயப் புடிச்சுக்க ஒரு ஆள் இல்லாம முழிச்சிட்டிருந்தேன். அக்காதான் ஆள் இருக்குதுன்னு சொல்லுச்சு."

வழியெல்லாம் கிடாய் இவனைப் பார்த்தது, இவன் கிடாயைப் பார்த்தான். கயிற்றின் எந்த முனையில் யார் இருக்கிறார்கள் என்பது இருவருக்குமே அவ்வளவு தெளிவாக இல்லை. பள்ளம் வந்தபோது இவனே "பள்ளம்" என்று கிடாயிடம் சொன்னான். திருச்செங்கோடு ரோட்டில் சிவப்பு வண்டி சர்ரென்று இவர்களைத் தாண்டிப் போனது. சன்னல் வழியாக மாமியாரின் சிரிப்புச் சத்தமும் அகல்யாவின் சிரிப்புச் சத்தமும் கேட்டன. அம்மாளும் மகளும் மட்டும் தனியாக வண்டியில் ஊர்ப் பயணம் போவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்த ஆசை அவளுக்கும் பன்னிரண்டு வருஷமாக இருந்திருக்கிறது. இவன்தான் கேட்கவில்லை.

கோயிலில் கிடாய்க்கு மாலை போட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துவிட்டு எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். அது சிலுப்புகிற வரைக்கும் பூசாரி கத்தியைத் தொடவில்லை. கயிற்றைப் பிடித்தபடி கலையரசன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிடாயிடமாவது ஒரு வார்த்தை சம்மதம் கேட்டார்கள்.