தானாக நடந்து வரும் ஸ்டாண்ட்

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே மேன்மையானது, ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றித் தனியே தூக்கிப் பிடித்ததுதான். இதில் இருவேறு கருத்துக்கு இடமே இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் தோள் அசையும், தோள் அசைந்தால் கை அசையும், கை அசைந்தால் என் மாமியாரின் மூக்கு நிழல் மேலுதட்டைத் தாண்டிக் கன்னத்தில் ஏறிவிடும்.

ஆகவே முக்காலியின் மேல் நின்று, வலது கையில் ஃபிளாஷும் இடது கையில் வெள்ளைக் குடையுமாக, இதை நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் மேலே," என்றார் என் கணவர்.

தூக்கினேன்.

"அவ்வளவு வேண்டாம்."

இறக்கினேன்.

"பாத்தியா," என்று சோபாவில் உட்கார்ந்திருந்த தன் தங்கையிடம் சொன்னார். "கடையில விக்கிற ஸ்டாண்டுகிட்ட இப்படிச் சொன்னா அதுக்குப் புரியுமா?"

ஊரிலிருந்து அன்றுதான் வந்திருந்த என் நாத்தனார் என்னை அண்ணாந்து பார்த்தாள். "அண்ணிக்குக் கை வலிக்காதா?" என்றாள்.

"பழகிடுச்சு," என்றார் என் கணவர், என் சார்பில்.

இந்தப் பதவி எனக்குக் குறுக்கு வழியில் வந்ததல்ல. முறைப்படி கூட்டம் கூட்டி, விவாதித்து, தேர்ந்தெடுக்கப்பட்டேன். என் கணவர் ஒரு டயர் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்காமல் வாங்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு பழைய கேமரா வாங்கி, ஃபிளாஷ் படம் எடுக்கக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தபோது, சாப்பாட்டு மேசையில் கூட்டம் போட்டதில் வியப்பில்லை. வந்திருந்தோர்: தலைவர், தலைவரின் தாயார், மூன்றாவது படிக்கும் எங்கள் மகள். தட்டு எடுக்க வந்த வகையில் நானும் கலந்துகொண்டேன். பொருள்: "புதிதாகத் தொடங்குவோருக்கான சிக்கன விளக்கு ஏற்பாடு."

தலைவர் இந்த ஞானத்தை வீடியோவில் ஒருவரிடம் பெற்றிருந்தார். அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. தாடி வைத்திருப்பார் என்பதால் வீட்டில் அவர் "தாடி."

"கேமரா மேலேயே ஃபிளாஷ் இருந்தா முகம் தட்டையா விழும்னு தாடி சொல்றான். இஸ்திரி போட்ட மாதிரி. பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் வந்தாத்தான் மூக்கு மூக்கா இருக்கும், கன்னம் கன்னமா இருக்கும்."

"இத்தனை வருஷமா என் மூக்கு என்னவாடா இருந்துச்சு?" என்றார் மாமியார்.

கேள்வி குறிப்பில் ஏற்றப்படவில்லை. தலைவர் தேவைகளை வாசித்தார். ஃபிளாஷ் ஒன்று, யாரோ வைத்திருந்து விற்றதாக இருந்தாலும் போதும். கேமரா மேல் ஒன்றும் ஃபிளாஷின் அடியில் ஒன்றுமாக மாட்டும் ட்ரிகர். இங்கே அழுத்தினால் அங்கே மின்னும். வெளிச்சத்தை மெத்தென்று ஆக்க ஒரு வெள்ளைக் குடை. எல்லாவற்றையும் தாங்க ஒரு ஸ்டாண்ட். பேட்டரிகளை "உள்நாட்டு வளங்களிலிருந்து" திரட்டுவதென்று ஏற்பாடு.

"டிவி ரிமோட்டுல கை வச்சா நான் எழுந்து போயிடுவேன்," என்றார் மாமியார்.

ரிமோட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சுவர்க் கடிகாரங்கள் தியாகம் செய்தன. அன்று முதல் எங்கள் ஹாலில் பொழுது சாய்வதில்லை.

ஸ்டாண்டில்தான் சிக்கல் வந்தது. "மலிவா வாங்கினா காத்துல சாஞ்சிடும். சாஞ்சா ஃபிளாஷ் போச்சு. நல்லதா வாங்கினா பட்ஜெட் போச்சு," என்று தலைவர் கவலையோடு சொன்னார். எல்லோரும் யோசித்தோம். யோசித்தபடியே மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தாடி என்ன சொல்றான்னா, ஆள் பிடிக்கிறதுதான் இருக்கறதுலயே நல்ல ஸ்டாண்டாம். வாயால சொன்னாப் போதும், தானா நடந்து வரும். மாடிப்படி ஏறும். மழை வந்தா உள்ள ஓடி வந்துடும்."

"ஃபிளாஷை எடுத்துக்கிட்டா, போட்டுட்டா?" என்றேன்.

"அப்பா, இந்த ஸ்டாண்ட் பேசுமா?" என்று மகள் கேட்டாள்.

"பேசலாம். படம் எடுக்கறப்போ மட்டும் வேண்டாம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என் மனம் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் எண்ணிக்கையில் வரவில்லை.

முதலில் எனக்கு இது பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. குடைக்குள்ளிருந்து வெளிச்சம் போய் மகளின் கன்னத்தில் உட்காரும்போது, அதை நானே கொண்டுபோய் வைத்தது போல ஒரு நிறைவு. தவிரவும், எங்கள் மண வாழ்வில் என் கணவர் இத்தனை தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. பார்வை என் தலைக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது ஒரு சின்னக் குறை. அவ்வளவே.

ஸ்டாண்ட் வாங்காமல் சேமித்ததை வீணாக்கக் கூடாது என்று அவர் கேமராவுக்கு ஒரு மூன்றுகால் தாங்கி வாங்கினார். நல்ல கனமானது. கேமரா ஆடக் கூடாதல்லவா? அது வந்ததிலிருந்து, பொத்தானை அழுத்திவிட்டு அவரும் ஓடிப்போய்ப் படத்தில் நின்றுகொள்ள முடிந்தது. மாமியாரின் எழுபதாவது பிறந்தநாள் படம் அப்படி எடுத்ததுதான். பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். "குடும்பம் மொத்தமும்" என்று அதற்குப் பெயர்.

இந்த நிலையில், நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கோளாறு நடந்தது. என்னைத் தலைமைப் பொறுப்பில் போட்டுவிட்டார்கள். வாசலில் ஒரு பலகை உண்டு. பொறுப்பாளரின் பெயரும் மேலே அவருடைய படமும் இருக்கும். பெயரை எழுதிவிட்டு, "மேடம், வீட்டுக்காரர் பிரமாதமா படம் எடுப்பாராமே. நல்லதா ஒண்ணு குடுங்க," என்றார்கள்.

அன்று மாலையே கணவரிடம் கேட்டேன்.

"தாராளமா எடுக்கலாம்," என்றார். பிறகு அவருடைய முகம் மாறியது. "ஆனா, உன்னை எடுக்கறப்போ லைட்டை யார் பிடிப்பா?"

இந்தக் கோணத்தைக் கமிட்டி யோசித்திருக்கவில்லை.

"அத்தை பிடிக்கட்டுமே."

"அம்மாவுக்குத் தோள் வலி."

"பாப்பா?"

"உயரம் பத்தாது."

"அப்போ ஒரு ஸ்டாண்ட் வாங்கிடலாம்."

"கையில ஒண்ணு இருக்கறப்போ இன்னொண்ணு எதுக்கு?" என்றார். கொள்முதல் பிரிவில் இருபது வருடம் உழைத்தவரின் குரல் அது. ஸ்டுடியோவுக்குப் போகிறேன் என்றேன். வீட்டில் இத்தனை ஏற்பாட்டை வைத்துக்கொண்டு வெளியே போய் எடுத்தால் தன் மானம் என்னாவது என்றார். ஃபோனில் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பதறிப்போனார். "ஃபோன்லயா? முகம் தட்டையா விழும்."

சரி, எடுத்து வைத்த படங்களில் எதிலாவது இருப்பேன் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். மாமியார் சிரிக்கிறார், மாமியார் முறைக்கிறார், மகள் குதிக்கிறாள், பக்கத்து வீட்டு நாய் பக்கவாட்டு வெளிச்சத்தில் தத்துவ ஞானி போல அமர்ந்திருக்கிறது. நான் ஓரிடத்தில் முழங்கையாக இருந்தேன். இன்னொன்றில் சுவரில் நிழலாக. பிறகு மாமியாரின் படம் ஒன்றில், அவருடைய மூக்குக் கண்ணாடிக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பெரிதாக்கினேன். குடை. குடைக்குக் கீழே, கையைத் தூக்கியபடி ஒருத்தி. யாரென்று பார்க்க இன்னும் பெரிதாக்கினேன். புள்ளிகளாகிப் போனாள்.

நான் வெகுநேரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முகம் இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது. தூரத்திலிருந்து பார்த்தபோது இருந்தது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இத்தனை படத்துலயும் நான் இல்லைங்க."

அவர் உண்மையிலேயே திகைத்தார். "என்ன இப்படிச் சொல்ற? எல்லாத்துலயும் நீதான் இருக்க. இதோ அம்மா கன்னத்துல இருக்கே, இந்த வெளிச்சம். இது யாரு? நீதானே?"

இதைவிட உயர்ந்த பாராட்டை எந்த மனைவியும் பெற்றிருக்க முடியாது. பரிசோதனைக் கூடத்து வாசலில் என் பெயருக்கு மேலே சட்டம் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் நான் ஓய்வு பெற்றுவிட்டேனா, அதற்கும் மேலா என்று கவலையோடு விசாரிக்கிறார்கள்.

இப்போது மறுபடியும் முக்காலி. நாத்தனார் வந்திருப்பதால் புதிய குடும்பப் படம் எடுத்து, சுவரில் இருப்பதை மாற்றப் போகிறோம். சோபாவில் மாமியார், நாத்தனார், அவள் கணவர், நடுவில் என் மகள். ஓரத்தில் என் கணவருக்கு ஒரு நாற்காலி.

"அண்ணி படத்துல வரலையா?" என்றாள் நாத்தனார்.

"அவ இல்லாம படமா?" என்று சிரித்தார் என் கணவர். "மொத்த வெளிச்சமும் அவதான். சரி, எல்லாரும் இங்க பாருங்க. நீ மட்டும் அசையாதே."

என் மகள் கேமராவைப் பார்க்கவில்லை. குடைக்குக் கீழே குனிந்து என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் முக்காலியிலிருந்து இறங்கினேன். குடையை மடக்கி மூலையில் சாய்த்தேன். ஃபிளாஷின் அடியிலும் கேமராவின் தலையிலும் இருந்த ட்ரிகரைக் கழற்றிவிட்டு, கேமராவின் தலையில் ஃபிளாஷைச் செருகினேன். கிளிக்கென்று உட்கார்ந்தது. அதற்கென்றே செய்து வைத்த இடம். பிறகு போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியார் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"என்ன பண்ற நீ?" என்றார் என் கணவர். "ஏறி நில்லு. வெளிச்சம் போயிடப்போகுது."

"மாட்டேங்க."

"சொன்னாக் கேளு. அங்க வச்சா முகம் தட்டையா விழும்."

"தட்டையா இருந்தாப் பரவாயில்லை," என்றேன். "இருந்தாப் போதும்."