அடுக்குத் தம்பியும் தண்ணீர் வரிசையும்

சிவகாசிப் பக்கம் வெடிக்குப் பயப்படாத ஆள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. ஆனால் ஒரு செங்கல்லைப் பார்த்து, “நீ இந்த வகையே இல்லை, வெளியே போ” என்று சொன்ன ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். விஸ்வநத்தத்தில் என் மாடி வீட்டில் குடியிருந்த அடுக்குத் தம்பி.

சொந்தப் பெயர் ஏதோ உண்டு. தெரு வைத்த பெயர்தான் நிலைத்தது. துவைத்த சட்டையை அடுக்கின் மேலே வைப்பார். மறுநாள் மேலே இருப்பதையே எடுத்துப் போடுவார். ஆக வருஷம் முழுக்க இரண்டே சட்டை. மற்றவையெல்லாம் கடை மடிப்புக்கூடக் கலையாமல் அடியில் கிடந்தன.

“ஏன் தம்பி, அடியில கெடக்குற சட்டையெல்லாம் என்ன பாவம் செஞ்சுச்சு?”

“இது ஸ்டாக், பெரியம்மா. கடைசியா வந்ததுதான் முதல்ல போகணும். நடுவுல உருவக் கூடாது.”

“தீவாளிக்காவது உருவுவீகளா?”

நிஜமாகவே யோசித்தார். “மேல உள்ளதையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்தப்புறம் வேணா பாக்கலாம்.”

அவர் பிழைப்பே அதுதான். வெளியூர்க் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அடுக்கு, வரிசை, சங்கிலி, மரம் என்று விதவிதமாக வைத்தெடுக்கும் முறைகளை எழுதிக்கொண்டிருந்தார். மற்ற புரோகிராம்காரர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்களாம், லைப்ரரி என்பார். அதில் எதை வைக்கப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணுக்கென்று சொன்ன வரிசையில் பெயரைப் போட்டால், ஓடுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் மாட்டேன் என்று மறுத்துவிடுமாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனாலும் இது சட்டென்று பிடிபட்டது. வெடிமருந்து அறைக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்று வாசலிலேயே பார்க்கிற ஊர் இது.

வினை தண்ணீர் லாரியில் வந்தது. லாரி வருமுன்பே எங்கள் தெருவில் வரிசை நிற்கும். குடம் வீட்டில் வேலையாக இருந்தால் செங்கல் நிற்கும், பிய்ந்த செருப்பு நிற்கும், விளக்குமாறு நிற்கும். கூடவே சண்டையும் நிற்கும். “படிச்ச பிள்ளைதான, வரிசைய நீங்க பாத்துக்கோங்க” என்று பெண்கள் அடுக்குத் தம்பியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

அவருக்குக் கொண்டாட்டம். “இது குட வரிசை. குடம் மட்டும்தான் நிக்கணும்” என்று மற்ற எல்லாவற்றையும் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டார்.

அதில் ஒரு செங்கல் எதிர்வீட்டுப் பொன்னுத்தாயுடையது. பட்டாசு செய்யும் வெடி ஆபீஸ் வேன் அவளைக் கூட்டிப்போக லாரிக்கு முந்தியே வந்துவிடும். அவள் கல்லை வைத்துவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் பிடித்து வைப்பாள். அன்று சாயங்காலம் முகமெல்லாம் வெள்ளியாய் மின்னும் வெடிமருந்தோடு வந்தவளுக்குக் கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. நேராக என் வீட்டு மாடிப்படிக்கு வந்தாள்.

“ஏய்யா கம்ப்யூட்டரு, எறங்கி வாங்க! என் செங்கல ஏன் தூக்குனீக?”

“அக்கா, அது குடம் இல்லையே…”

“அது குடமும் இல்ல, செங்கலும் இல்ல. அது நானு! நான் அங்கன நின்னேன். என்னையத் தூக்கி ஓரமாப் போட்டிருக்கீக!”

தெருவே கூடி என் பக்கம் திரும்பியது. “மதினி, இவுகள வீட்டக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா உங்க கொடத்தையும் வரிசையில விட மாட்டோம்.”

என் வீட்டில் யார் இருப்பது என்று தெருவா சொல்வது? ஆனால் கௌரவத்தை வைத்து உலை வைக்க முடியாதே. “அடுத்த லாரி வரட்டும், சொல்றேன்” என்றேன்.

அடுக்குத் தம்பி தன் இரண்டு குடம் தண்ணீரையும் பொன்னுத்தாய் வாசலில் இறக்கிவிட்டு மேலே போனார். காலையில் குளிக்காத முகத்தோடு வந்து நின்றார்.

“தப்பு எம்மேலதான் பெரியம்மா. செங்கலப் பாத்து நீ கொடமான்னு கேட்டுட்டேன். உனக்கு ஆள் இருக்கான்னுல்ல கேட்டிருக்கணும்! ஆளச் சொல்லத் தெரிஞ்சா எது வேணா நிக்கலாம். லைப்ரரியிலயும் அப்படியே மாத்திட்டேன்.”

அடுத்த லாரி வந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கேட்டார்.

“இந்தச் செங்கல் யாரு?”

“பொன்னுத்தாயி! வேலைக்குப் போயிருக்கா, நான் பிடிப்பேன்.”

“இந்தச் செருப்பு?”

“நாந்தேன்!”

“இந்த வெளக்கமாறு?”

“எங்க மாமியா!”

தெரு சிரித்து அடங்க நேரமானது. கடைசியில் ஒரு புதுக் குடம் மட்டும் பதில் இல்லாமல் நின்றது. இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்.

அது என் குடம். வாசலில்தான் நின்றிருந்தேன். தெருவில் நின்று ‘நாந்தேன்’ என்று கத்துகிற வழக்கம் எனக்கில்லை.

“ஏடி, வீட்டுக்காரி கொடத்தையே தூக்கிட்டாருடி!” என்று சிரித்தவர்கள், காலி பண்ணும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. எனக்குத்தான் அன்று தண்ணீர் இல்லை. பொன்னுத்தாய் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள்.

பிறகு கம்பெனி அவரைப் பெங்களூருக்கே கூப்பிட்டுக்கொண்டது. மாடி வீடு இன்னும் சும்மாதான் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம், ஒழுகுகிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். மழையே பெய்யாத ஊரில் எப்படி ஒழுகும் என்று நல்லவேளையாக யாரும் கேட்பதில்லை.