முதல் காயும் என் பாதி மீசையும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. இங்கே உன் அக்கா சௌக்கியம். நானும் சௌக்கியம், மீசையின் வலது பாதி நீங்கலாக.

ஐந்து வருஷத்துக்கு முன் நர்சரியில் வாங்கி வந்து, "பலா, அத்தான், தேனா இருக்கும்" என்று சமையலறை ஜன்னலுக்கு நேராக நட்டாயே, அந்த மரம் இந்த வருஷம்தான் ஒரே ஒரு காய் விட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததும் வெட்டலாம் என்றாள் உன் அக்கா. எனக்கானால் இருப்புக்கொள்ளவில்லை. பல் தேய்க்குமுன் போய்த் தட்டுவேன், மோந்து பார்ப்பேன், பேப்பரில் இரண்டு வரி படித்துவிட்டு மறுபடி போவேன், வாசனையும் வரவில்லை, சத்தமும் மாறவில்லை, கடைசியில் பக்கத்து வீட்டுத் தையல்காரர், "என்ன சார், கதவத் தட்டுற மாதிரி தட்டுறீங்க, உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. நேற்று அவள் பல் டாக்டரிடம் போன நேரம் பார்த்து வெட்டிவிட்டேன். உள்ளே சுளையும் இல்லை, கொட்டையும் இல்லை, வெறும் வெள்ளைச் சதை. ருசியாவது தெரியட்டும் என்று பெரிய துண்டாகக் கடித்தேன். பால் வடிந்து உதட்டையும் மீசையையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. அவள் வந்து, "வாயில என்னங்க?" என்றாள். "ம்ம்" என்றேன். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. எண்ணெய் தடவிப் பார்த்து, பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். முப்பது வருஷ மீசை!

உன்னை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். நாளைக் காலை மரம் வெட்டுபவரை வரச் சொல்லிவிட்டேன். நீ ஆசையாக வைத்த மரம் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தால் கேட்டுவிடுகிறது.

உனக்கும் உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை நிழலை எதிர்பார்க்காமல் வரவும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு (மறுநாள் காலை): மரத்தை வெட்டக் கூடாது. மீதிக் காயில் பாதியை உன் அக்கா தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு வறுத்துவிட்டாள். நின்றுகொண்டே ஒரு துண்டு தின்றேன். உட்காருவதற்குள் தட்டு காலி. "இது கறிப்பலாங்க, சமைச்சுத்தான் சாப்பிடணும். இலையப் பாத்தப்பவே தெரியும். பலான்னு ஆசையா நட்டான், அவன் மனசு நோகுமேன்னு சொல்லல" என்கிறாள். என் மீசை நோகாதா? அதற்குள் மரம் வெட்டுபவர் மேலே ஏறிவிட்டார். நான் ஓடிப்போய்க் கத்துவதற்குள் அவரே, "சார், இலைக்குப் பின்னால இன்னொரு காய் இருக்கு!" என்றார். அவரை இறக்கி, மிச்சமிருந்ததில் அவருக்கும் நாலு துண்டு வறுத்துக் கொடுத்து அனுப்பினோம். மரத்தில் இருக்கிற அந்தக் காய் உனக்குத்தான். நீ வரும்வரை பொறுமையாக இருப்பேன். ஏணி வைத்து இரண்டு தடவைதான் தட்டிப் பார்த்தேன். சனிக்கிழமையே வர முடியுமா?