இழுக்காத படம்

கையால் இழுக்கத் தகுந்த பொருள் இந்த உலகத்தில் வலை ஒன்றுதான். டிவியில் படத்தை மேலும் கீழும் இழுத்துவிட்டுப் பார்க்கிறவன் சினிமாவுக்கும் துரோகி, பெற்ற தாய்க்கும் துரோகி. இது பனித்திட்டு மீனவர் அரசுவின் கொள்கை. பாகூர் கொம்யூனில் ஊர் ஊராகச் சலித்தாலும் சினிமாவைச் சினிமாவாகப் பார்க்கத் தெரிந்த இரண்டாவது ஆள் கிடைக்க மாட்டான் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். முதல் ஆள் யார் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கொள்கையை அவர் இப்போது வாசற்படியின் குறுக்கே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே அவர் மனைவி பிரேமா. தலையில் மல்லிகைப்பூ, கையில் முறுக்குத் தூக்கு. எதிர்வீட்டுக்குப் புறப்பட்டவள்.

"நவுரு. அண்ணன் வூட்ல எனக்காவ மறுபடியும் படத்தைப் போடறேன்னு சொல்லிக்கீறாரு."

"போடட்டும். நீ போவக்கூடாது."

"யோவ், அந்தப் படத்துல நான் வரேன்யா!"

விஷயம் அதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பனித்திட்டுக் கரையில் ஒரு படத்துக்கு ஷூட்டிங் நடந்தது. மீன் ஏலம் விடுகிற காட்சி. தெருப் பெண்களைக் கூடையோடு வரிசையாக நிற்கச் சொன்னார்கள். இடது ஓரத்தில் பிரேமா, வலது ஓரத்தில் அவள் அண்ணி சிந்தாமணி. படம் தியேட்டரை விட்டு ஓடிய பிறகுதான் இவர்கள் டிக்கெட் எடுக்கப் போனார்கள். அந்தப் படம் போன வாரம் ஓடிடியில் வந்துவிட்டது. பிரேமா அன்றைக்குக் கடலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். எதிர்வீட்டில் அண்ணன் நாகமுத்துவும் சிந்தாமணியும் மட்டும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

"உங்க அண்ணன் டிவிய நீ பார்த்தியா? முன்னெல்லாம் ஒழுங்காத்தான் வெச்சிருந்தான். போன வாரத்துலேர்ந்து இன்னா புத்தி வந்துதோ, படத்தை மேல கீழ இழுத்து வெச்சிக்கிறான். ஹீரோ, வில்லன், ஜட்ஜு, எல்லாரும் வாளை மீன் மாரி நீட்டமா நடக்கறானுங்க. ஏன்டான்னு கேட்டா, 'எனக்கு இதான் மாப்ள புடிச்சிருக்கு'ன்றான்."

"அப்ப போன்ல பார்த்துக்கறேன்."

"போன்லயா? அதுல நீ கடுகாத்தான் தெரிவ." அரசுவின் குரல் இறங்கியது. "உன் மூஞ்சை நீ மொத தபா பார்க்கப் போற. வாளையாவும் பார்க்கக்கூடாது, கடுகாவும் பார்க்கக்கூடாது. உள்ளது உள்ளபடி பார்க்கணும். நான் டிவி வாங்கறேன்."

பிரேமா முறுக்குத் தூக்கைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளுக்காகச் சொன்ன மிக நீளமான வசனம் அது.

அரசு உடனே ஹாலின் உள்சுவர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். இந்தக் கை விரல் நுனியிலிருந்து அந்தக் கை விரல் நுனி வரை ஒரு பாகம். கயிறானாலும் வலையானாலும் அவருக்கு அளவு அதுதான். சுவர் ஒரு பாகத்துக்குத் தாராளமாக இடம் கொடுத்தது.

மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடந்தது. அரசுவைத் தடுக்கக் கடலுக்கும் வழி இல்லை.

தவளக்குப்பம் சந்திப்பில் இருந்த கடையில் விற்பனையாளர் தங்கவேல் வரவேற்றார்.

"எவ்ளோ இன்ச் சார்?"

அரசு கையை விரித்தார். பக்கத்தில் நின்ற வாஷிங் மெஷின் 'டங்'கென்றது. "ஒரு பாகம்."

தங்கவேல் அசரவில்லை. டேப்பை எடுத்து அரசுவை அளந்தார். "எழுபத்தஞ்சு இன்ச் போடுங்க சார், சரியா இருக்கும்."

அரசு அந்த டிவியின் முன் போய்க் கையை விரித்தார். இரண்டு பக்கமும் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "இது ஒரு பாகம் இல்லையே."

"டிவிய மூலைக்கு மூலை குறுக்க அளக்கணும் சார்."

"தம்பி, வஞ்சிரத்தைத் தலையிலேர்ந்து வாலுக்கு அளப்போம். குறுக்கால அளந்துட்டு பெரிய மீனுன்னு வித்தா ஏலத்துல செருப்பு பறக்கும்."

"கம்பெனி அப்படித்தான் சார் அளக்குது."

"கம்பெனிய ஒரு நாள் துறைக்கு வரச் சொல்லு."

பேச்சை மாற்ற நினைத்த தங்கவேல், டிவியில் கடலுக்கடியில் மீன்கள் நீந்துகிற விளம்பரப் படத்தைப் போட்டார். எல்லா வாடிக்கையாளரும் வாய் பிளக்கிற இடம் அது. அரசு கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"இது எந்தக் கடல்ல புடிச்சது?"

"தெரியல சார். கலர் பாருங்க!"

"அதைத்தான் பார்க்கறேன். இவ்ளோ மினுக்குதுன்னா மருந்து போட்டது. வாங்கிடாத பிரேமா."

பிரேமா ஓரத்தில் இருந்த ஓர் அடக்கமான டிவியைத் தொட்டாள். "இது போதும்யா."

"நீ நிக்கறது படத்துல ஓரமா. ஓரம் தெரியணும்னா நடு பெருசா இருக்கணும்."

தங்கவேலுக்கு இந்தத் தத்துவம் புரியவில்லை. ஆனால் வியாபாரத்துக்கு நல்லதாகத் தெரிந்ததால் பலமாகத் தலையாட்டினார். கடைசியில் கிடங்கிலிருந்து எண்பத்தைந்து இன்ச் ஒன்று வந்தது. அரசுவின் விரல் நுனிகள் இரண்டும் அதன் விளிம்புக்குள் அடங்கின. அவர் முகத்தில் தொழிலாளி முகம் போய் ரசிகர் முகம் வந்தது.

டிவியைத் தங்கவேலே வண்டியில் கொண்டுவந்தார். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு அது. ஹாலில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் பரிமாற முடியாது. சுவரில் மாட்டி முடித்த பிறகு தங்கவேல் தயங்கினார்.

"சார், பெட்ரூம் வழி?"

அப்போதுதான் அரசு பார்த்தார். அவர் சுவரை அளந்த அன்றைக்குப் படுக்கையறைக் கதவு திறந்து கிடந்தது. அவருடைய வலது கை விரிந்து நின்றது சுவரின் மேல் அல்ல, காற்றின் மேல். இப்போது டிவியின் வலது பக்கம் அந்த வாசலில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது.

"பாதி வழி இருக்குதுல்ல? மனுசன் போவ பாதி போதும்" என்று அரசு வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார். உடனே வெற்றியோடு திரும்பி வந்தார்.

பிரேமாவும் முயன்றாள். ஒரு தோள் போயிற்று. அப்புறம் அவள், "எனக்கு உள்ள இன்னா வேலை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவளுடைய சேலைகள் அன்று மாலையே கொடிக்குக் குடிபெயர்ந்தன.

பிரேமாவின் படத்தை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்து, தெருவுக்கே அழைப்பும் விட்டாயிற்று. அதற்கு முன் ஒத்திகையாக வேறொரு படம் போட்டார்கள். திரைக்கும் முதுகுச் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் காலை நீட்டலாம், அவ்வளவுதான். இடது கோடியில் கதாநாயகன் கேட்ட கேள்விக்கு வலது கோடியில் கதாநாயகி பதில் சொன்னாள். கேள்விக்கு ஒரு திருப்பு, பதிலுக்கு ஒரு திருப்பு. இடைவேளைக்குள் பிரேமாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அரசு தைலம் தேய்த்துவிட்டார்.

"கிட்ட குந்தனா இப்படித்தான். வாசல்ல போய் குந்துவோம்."

வாசலில் உட்கார்ந்தால் வேறு தொந்தரவு. வீட்டு நிலைக்கதவு அளவுக்குத்தான் படம் தெரிந்தது. ஓரங்கள் இரண்டையும் சுவர் தின்றுவிட்டது.

"என் ஓரம் எங்கயா?" என்றாள் பிரேமா.

அரசு யோசித்தார். வாசலின் வலது பக்கம் ஒதுங்கினால் திரையின் இடது ஓரம் தெரிந்தது. "அவ்ளோதான். ஞாயித்துக்கெழம எல்லாரும் வலப்பக்கம் குந்திக்க வேண்டியது."

இதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கறுப்பைக் கவனித்தார். ஓடிக்கொண்டிருந்த படத்துக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. போனை எடுத்துத் தங்கவேலைப் பிடித்தார்.

"தம்பி, முழு டிவி வாங்கினேன். முக்கால்தான் எரியுது."

"சினிமா அப்படித்தான் சார். அகலம் ஜாஸ்தி, ஒசரம் கம்மி. கறுப்பு வேணாம்னா ரிமோட்ல படத்தை மேல கீழ இழுத்து—"

அரசு போனை வைத்துவிட்டார். ஒரு நல்ல குடும்பஸ்தனிடம் சொல்கிற வார்த்தையா அது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே வந்துவிட்டது. எல்லாரும் வாசலின் வலது பக்கமே குவிந்ததில், ஒரே பக்கம் பாரம் ஏற்றிய படகு மாதிரி இருந்தது அரசு வீடு. நாகமுத்து தன் வீட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். பிரேமா கூட்டத்துக்கு நடுவில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாண்ணே, மேலயும் கீழயும் துக்க வூடு மாரி கறுப்பு?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வகுமாரி.

"அதுக்குப் பேரு மரியாதை" என்றார் அரசு. "சில பேரு வூட்ல கறுப்பு இருக்காது. மனுசனும் இருக்க மாட்டான். எல்லாம் வாளை."

கூட்டம் சிரித்தது. நாகமுத்துவும் சிரித்தார். "எனக்கு இதான் மாப்ள புடிச்சிருக்கு" என்றார் வழக்கம்போல.

படத்தில் கடற்கரை வந்தது. "தோ நம்ம கரை!" "தோ நம்ம படகு!" சத்தம் கூடியது. சிந்தாமணி திடீரென்று எழுந்தாள். "அடுப்புல பாலை வெச்சிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஏலம் ஆரம்பித்தது. கேமரா நகர்ந்து நின்றது. இடது ஓரத்தில் பிரேமா நின்றாள்.

இழுக்காமல், வெட்டாமல், உள்ளது உள்ளபடி நின்றாள். இடுப்புக்கு மேலே கிட்டத்தட்ட நிஜ உயரத்தில். நிஜ அகலத்தில். ஓரத்தில் நிற்பவர்களை அந்தக் கேமரா இன்னும் கொஞ்சம் தாராளமாக அகலப்படுத்தியே பிடித்திருந்தது.

வாசலில் முறுக்குத் தூக்கு அவசரமாகக் கை மாறியது. கடைசியில் செல்வகுமாரி உதவிக்கு வந்தாள்.

"அக்கா, கூடைதான் பெருசா தெரியுது."

பிரேமா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "அது நானாயா?"

"கேமராவுல பத்து கிலோ கூடத் தெரியும்னு சொல்லுவாங்க பிரேமா."

"அப்ப மீதி?"

அரசு திரையைக் காட்டினார். "மீதி... கூடையில மீனு."

"கூடையில மீனே இல்ல. வெறும் தெர்மாகோல்."

"இன்னா இப்போ? எனக்கு நீ இப்படி இருக்கறதுதான் புடிச்சிருக்கு."

"அப்ப இப்படித்தான் இருக்கேனா!"

பிரேமா எழுந்தாள். கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க ஒரு அறை வேண்டும். அந்த அறையின் வழியில் பாதியை, அவளைப் பெரிதாகக் காட்டிய அதே டிவி அடைத்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் போய் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலையிலிருந்த பூவைக் கழற்றி மிக்ஸி மேல் வைத்தாள்.

கூட்டம் ஒவ்வொருவராக, பால் அடுப்பில் இருப்பதை நினைத்துக்கொண்டு கிளம்பியது.

அரசு சமையலறை வாசலில் போய் நின்றார். "பிரேமா" என்றார். "டீ போடட்டா?" அவள் அடுப்பை இன்னும் நன்றாக முதுகால் மறைத்தாள். இரண்டு வருடமாக அவள் பார்க்கக் காத்திருந்த முகம். அதை அவள் ஆசைப்பட்ட முகமாக அவளுக்குக் காட்ட முடியாமல் போயிற்று.

அவர் ஹாலுக்கு வந்தார். முன்கதவைச் சாத்தினார். படத்தைப் பின்னால் ஓட்டி, ஏலக் காட்சியில் நிறுத்தினார். ரிமோட்டைக் கையில் எடுத்து, தெருவில் ஆள் இருக்கிறதா என்று சன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக அமுக்க ஆரம்பித்தார். டிவி ஒரு தடவை இந்தியில் பேசியது. ஒரு தடவை எல்லாரும் பச்சையானார்கள். பிறகு மெதுவாக, மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டைகள் கரைந்தன. படம் வளர்ந்தது. ஏலக்காரர் தென்னங்கன்று மாதிரி நீண்டார். கூடை ஒடுங்கித் தெரிந்தது.

"பிரேமா! இங்க வாயேன். டிவி இன்னும் சரியா செட்டாவாமயே இருந்துக்குது. இப்பதான் செட்டாச்சி."

வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இடது ஓரத்தில், ஒடிசலாக, கொடி மாதிரி ஒருத்தி கூடையோடு நின்றாள். பிரேமா ஒரு முறை டிவியைப் பார்த்தாள், ஒரு முறை கணவனைப் பார்த்தாள். அவள் நம்பினாளா என்று சொல்ல முடியாது. நம்புவதென்று முடிவு செய்தாள்.

"இதான்யா நானு!" என்றாள். சமையலறைக்குப் போய், மிக்ஸி மேலிருந்த பூவை எடுத்து மறுபடியும் வைத்துக்கொண்டு, "செல்வகுமாரி! ஏய் செல்வகுமாரி! இப்ப வந்து பாருடி!" என்று பின்வாசல் வழியாகக் கத்திக்கொண்டே ஓடினாள்.

அரசு ரிமோட்டைச் சட்டைப் பையில் ஒளித்தார். சன்னலுக்கு வெளியே ஏதோ அசைந்தது. ஸ்டூலை எடுத்துப்போகத் திரும்பி வந்த நாகமுத்து நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை டிவியில் நீண்டு நின்ற ஏலக்காரர் மேல் இருந்தது. அரசு தரையைப் பார்த்தார்.

நாகமுத்து ஸ்டூலைத் தோளில் போட்டுக்கொண்டு, சன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"போன வாரம் சிந்தாமணி படம் பார்த்துட்டு ரெண்டு நாளா சோறு பொங்கல மாப்ள, அப்பறந்தான் நானும் இழுத்தேன்."